வீட்டிலேயே ஸ்க்ரீன் பிரிண்டிங்குக்கு பிலிம் எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஸ்க்ரீன் பிரிண்டிங் பழகுகிறவர்கள் முதலில் குறை சொல்வது, ஸ்க்ரீனில் பூசும் ஒளியுணர் பூச்சான எமல்ஷனை. எழுத்து கழுவி வரவில்லை என்றால் எமல்ஷன் பழசு, ஓரம் பிசிறடித்தால் ஸ்க்ரீனின் வலைத்துணியான மெஷ் சரியில்லை, ஊசித்துளைகள் விழுந்தால் லைட் சரியில்லை என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். காசு கரைந்துகொண்டே போகும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர், எக்ஸ்போஸ் செய்வதற்கு, அதாவது எமல்ஷனுக்கு ஒளி காட்டுவதற்கு முன்பே பிரிண்டரிலிருந்து வெளியே வந்த பிலிமில், டிசைனைக் கறுப்பில் அச்சடித்த அந்த ஒளிபுகும் ஷீட்டில் இருக்கிறது. பிலிம் நன்றாக அமைந்துவிட்டால், சுமாரான லைட்டிலும் சாதாரண எமல்ஷனிலும் தெளிவான ஸ்க்ரீன் எடுக்கலாம். அதனால் பிலிமை மட்டும் எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை பார்ப்போம். உதாரணத்துக்கு, வீட்டில் பலரும் தொழிலாகத் தொடங்கும் தாம்பூலப் பை பிரிண்டிங்கை வைத்துக்கொள்கிறேன்: ஒரே நிறம், தமிழ் எழுத்து, துணி.

பிலிமின் கறுப்பு எதற்கு?

ஸ்க்ரீனில் பூசிய எமல்ஷன், புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இறுகும், படாத இடத்தில் தண்ணீரில் கரைந்து போகும். கதிர் படக்கூடாத இடத்தை மறைப்பதுதான் பிலிமில் இருக்கும் கறுப்பின் வேலை. எமல்ஷன் விழித்துக்கொள்வது ஏறத்தாழ 350 முதல் 420 நானோமீட்டர் வரையிலான ஒளிக்கு. நம் கண்ணுக்கு அந்தப் பகுதியில் பார்வை மிகக் குறைவு. ஆகவே கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் எமல்ஷனுக்கும் கறுப்பு என்று சொல்ல முடியாது. இதற்கு நல்ல சான்று ரூபிலித். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் கத்தியால் வெட்டி டிசைன் செய்யப் பயன்பட்ட சிவப்புத் தாள் அது. கண்ணுக்கு அதன் வழியே மறுபக்கம் தெரியும். ஆனால் நீல ஒளியையும் புற ஊதாக் கதிரையும் விடாது, அதனால் எமல்ஷனுக்கு அது முழுக் கறுப்பு. இதற்கு நேர்மாறாக, அடர் கறுப்பாகத் தெரியும் சில மார்க்கர் மைகள் கதிரைத் தாராளமாகக் கசியவிடும்.

கறுப்பின் அடர்த்தியை ஓர் எண்ணால் அளப்பார்கள். அடர்த்தி 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளி கசிகிறது, 2 என்றால் நூறில் ஒரு பங்கு, 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. பழைய இமேஜ்செட்டர் மெஷினில் எடுத்த வெள்ளி பிலிம்களில் இது 4 வரை போகும். ஆப்செட் அச்சகங்கள், பிலிம் இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து நேராகத் தகட்டுக்குப் போகும் சிடிபி முறைக்கு மாறியபின் அந்த மெஷின்கள் குறைந்துவிட்டன. வீட்டு இங்க்ஜெட்டில் 3 அருகே போய்விட்டால் கவலையே இல்லை. லேசர் பிரிண்டரில் பெரும்பாலும் அந்த அளவு வராது. அளக்கும் கருவி வீட்டில் இருக்காது, தேவையும் இல்லை. அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு, பின்னால் சொல்கிறேன்.

எந்த பிரிண்டர்

பிலிமுக்கென்றே வாங்குவதாக இருந்தால் இங்க்ஜெட் வாங்குங்கள். அதிலும் கறுப்பு உட்பட நான்கு மையும் டை மையாக இருக்கும் பிரிண்டராகப் பாருங்கள். டை மை, தண்ணீரில் முழுக்கக் கரைந்த சாயம், பிலிமின் மேல்பூச்சுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பிக்மெண்ட் மை நுண்துகள்களால் ஆனது, மேலேயே தங்கி, தொட்டால் ஈஷிக்கொள்ளும். கேனான், ஹெச்பி இங்க் டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் மூன்று நிறங்களும் டை, கறுப்பு மட்டும் பிக்மெண்ட். அவை சாதாரணத் தாளில் எழுத்து அச்சடிக்க அருமையானவை, பிலிமுக்குச் சிரமம் தரும். வாங்குமுன் மைப் பாட்டிலின் விவரத்தைப் படித்துவிடுங்கள்.

எப்சன் எல்130 போன்ற சிறிய இங்க் டேங்க் பிரிண்டரே தாம்பூலப் பைக்குப் போதும், டிசைன் ஏ4 அளவைத் தாண்டாது. டி-ஷர்ட்டின் முன்பக்கம் முழுக்க அடிக்க வேண்டுமானால் ஏ3 பிளஸ் அளவுள்ள எல்1300, எல்1800 போன்றவை வேண்டும், செகண்ட் ஹேண்டிலும் தேடிப் பார்க்கலாம். செகண்ட் ஹேண்ட் என்றால் நாஸில் செக், அதாவது மைத் துளைகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று காட்டும் சோதனைப் பிரிண்ட், அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அதில் ஒரு கோடு விடுபட்டிருந்தாலும் உங்கள் பிலிமில் அது வெள்ளைப் பட்டையாக வந்து நிற்கும்.

எந்த ஷீட்

கடையில் ஓஹெச்பி ஷீட் என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பது ஜெராக்ஸ், லேசர் மெஷினுக்கான ஷீட். அதில் இங்க்ஜெட் மை ஒட்டாது, தாமரை இலைத் தண்ணீர்தான். நீங்கள் கேட்க வேண்டியது இங்க்ஜெட் பாசிட்டிவ் பிலிம், 100 மைக்ரான் கனம். இதிலும் இரண்டு வகை. ஒன்று கண்ணாடி போலத் தெளிவானது. இதன் பூச்சு மையை உறிஞ்சி உப்பும், காய நேரமாகும், ஈரக் காற்றில் பிசுபிசுக்கும். மற்றொன்று லேசாகப் பால் நிறம் கொண்ட வாட்டர்ப்ரூஃப் பிலிம். இதன் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதால் மை சட்டென்று இறங்கிக் காய்ந்துவிடும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு பால் நிற பிலிமை வாங்கலாம். அந்த மங்கல் எக்ஸ்போஸர் நேரத்தைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான்.

பிலிமுக்கு ஒரு பக்கம்தான் பூச்சு. விரல் நுனியை லேசாக ஈரமாக்கி மூலையில் தொட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் ஒட்டுகிறதோ அதுதான் அச்சடிக்க வேண்டிய பக்கம்.

டிசைனைத் தயார் செய்வது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். தமிழ் எழுத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

முதலில் எழுத்துரு. மணமக்கள் பெயர், தேதி, ஊர் எல்லாம் தட்டெழுதி முடித்ததும் அத்தனையையும் வடிவங்களாக மாற்றிவிடுங்கள். கோரல் டிராவில் கன்வெர்ட் டூ கர்வ்ஸ், இங்க்ஸ்கேப்பில் பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டூ பாத். மாற்றாமல் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் எழுத்துகள் உருமாறிவிடும். பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள் என்றால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே வந்து நிற்கும். யூனிகோட் தமிழை ஒழுங்காகக் கையாளாத பழைய மென்பொருள்களில் 'கொ', 'கோ' போன்றவற்றின் கொம்பும் காலும் இடம் மாறிப் போவதும் உண்டு. மாற்றிய பிறகு ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள். கல்யாணப் பையில் மாப்பிள்ளை பெயர் தப்பாக வந்தால் 300 பையும் வீண்.

அடுத்தது கோட்டின் கனம். சாதாரணப் பருத்திப் பைக்கு 43டி மெஷ் எடுப்போம், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 43 நூல், அங்குலக் கணக்கில் ஏறத்தாழ 110. ஒரு நூலின் மையத்திலிருந்து அடுத்த நூலின் மையம் வரை கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதைவிட மெல்லிய கோடு வரைந்தால் அது நூல்மேல் உட்கார்ந்துகொண்டு பாதி மறைந்துவிடும். ஒரு பாயிண்ட், அதாவது 0.35 மில்லிமீட்டர், இதற்குக் கீழே போகாதீர்கள். தடித்த எழுத்துக்கு வேறு ஆபத்து உண்டு. துணியில் மை பரவும், அப்போது 'ண', 'ஞ', 'ஜ' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ரொம்ப மெல்லிசும் வேண்டாம், ரொம்பத் தடிமனும் வேண்டாம், நடுத்தரக் கனமுள்ள எழுத்துரு எடுத்து, 12 பாயிண்டுக்குக் கீழே போகாமல் வையுங்கள். புள்ளிகளைத் தனியாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மெய்யெழுத்தின் புள்ளி விழாமல் போனால் 'கண்ணன்' 'கணணன' ஆகிவிடும். நான் புள்ளிகளை எழுத்துருவில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாக்கியே பிலிம் எடுப்பேன்.

வாடிக்கையாளர் தரும் பிள்ளையார் படம், லோகோ எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, ஓரமெல்லாம் சாம்பல் நிறப் புள்ளிகளாகக் கலங்கியிருக்கும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். வழியில்லை என்றால் படத்தைப் பெரிதாக்கி, கிம்ப் மென்பொருளில் கலர்ஸ் மெனுவின் த்ரெஷோல்ட் கொண்டு கறுப்பு வெள்ளை இரண்டாக மட்டும் பிரித்துவிடுங்கள். அச்சடிக்கும் அளவில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி இருக்க வேண்டும். பிலிமில் சாம்பல் நிறத்துக்கு இடமே இல்லை. ஒளி போக வேண்டும், அல்லது நிற்க வேண்டும். பாதி நிறுத்தும் ஓரம்தான் ஸ்க்ரீனில் பிசிறாக வருகிறது.

நிழல், நிறச்சாய்வு கட்டாயம் வேண்டுமென்றால் அதைப் புள்ளிகளாக, அதாவது ஹாஃப்டோனாக மாற்ற வேண்டும். கணக்கு எளிது: மெஷ்ஷின் அங்குல எண்ணை 4.5 அல்லது 5 ஆல் வகுத்தால் வருவதுதான் ஓர் அங்குலத்துக்கான புள்ளி வரிசை. 77டி, அதாவது 195 மெஷ் என்றால் 40 வரிசை. கோணத்தை 22.5 பாகை வைத்தால் மெஷ் நூலோடு மோதி அலை அலையாகக் கோலம் விழுவது பெரும்பாலும் தவிர்ந்துவிடும். தாம்பூலப் பைக்கு இதெல்லாம் வேண்டாம்.

கடைசியாக, டிசைனில் உள்ள எல்லா நிறத்தையும் முழுக் கறுப்பாக்குங்கள். பையில் அடிப்பது குங்குமச் சிவப்பாக இருந்தாலும் பிலிமில் கறுப்புதான். ஓரத்தில் சரியாக 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கோடு போட்டு வையுங்கள், பிலிம் வந்ததும் ஸ்கேலால் அளந்து பார்க்கலாம்.

மிரர் போட வேண்டுமா?

வேண்டாம். நேரடியாகத் துணியில், பேப்பரில் அடிக்கும் வேலைக்கு நேராகவே பிரிண்ட் எடுங்கள். இதில் நிறையப் பேருக்குக் குழப்பம் இருப்பதால் விளக்கிவிடுகிறேன். பிலிமின் மை உள்ள பக்கம் எமல்ஷனை ஒட்டி இருக்க வேண்டும், இதுதான் விதி. கீழிருந்து லைட் வரும் பெட்டியில், கண்ணாடி மேல் பிலிமை மைப் பக்கம் மேலே பார்க்க வையுங்கள். எழுத்து நேராகப் படிக்க வர வேண்டும். அதன்மேல் ஃப்ரேமை, துணியைத் தொடும் பக்கம் கீழே இருக்குமாறு வையுங்கள். இப்போது ஸ்க்யூஜி, அதாவது மையை இழுக்கும் ரப்பர் பட்டை, இழுக்கும் பக்கமிருந்து பார்த்தால் எழுத்து நேராகத் தெரியும், பையிலும் நேராகவே விழும்.

மிரர் போட்டு எடுத்தால், எழுத்து நேராக வருவதற்காக பிலிமைத் திருப்பி வைக்க வேண்டிவரும். அப்போது மைக்கும் எமல்ஷனுக்கும் நடுவே பிலிமின் கனம் வந்து நிற்கும். அந்த இடைவெளியில் ஒளி பக்கவாட்டில் நுழைந்து கோட்டின் ஓரத்தை அரிக்கும். 100 மைக்ரான்தானே என்று தோன்றும். 350 மைக்ரான் அகலமுள்ள கோட்டுக்கு இரு பக்கமும் அது பெரிய தொகை. பல டியூப் லைட்டுகள் கொண்ட பெட்டியில் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் சேதம் இன்னும் கூடும். டிரான்ஸ்ஃபர் ஷீட்டில் அடித்து அயர்ன் செய்யும் வேலை, கண்ணாடியின் பின்பக்கம் அடிக்கும் வேலை, இவற்றுக்கு மட்டும் மிரர் போடுங்கள்.

பிரிண்ட் எடுப்பது

நாஸில் செக் ஒன்று சாதாரணத் தாளில் அடித்துப் பாருங்கள். எல்லாக் கோடும் முழுதாக இருந்தால்தான் பிலிமைத் தொட வேண்டும். பிரிண்டர் செட்டிங்கில் பேப்பர் வகையை க்ளாஸி போட்டோ பேப்பர் என்று வைத்து, குவாலிட்டியை உச்சத்தில் வையுங்கள். ஹை ஸ்பீடு அல்லது பைடைரக்ஷனல் என்றொரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். ஹெட் ஒரே திசையில் மட்டும் அடிப்பதால் நேரம் கூடும், ஆனால் செங்குத்துக் கோடுகள் கத்தி போல வரும். ஃபிட் டூ பேஜ் வேண்டாம், 100 சதவீதம் அளவில் அடியுங்கள்.

கறுப்பு மட்டுமா, எல்லா மையும் கலந்தா என்பது பிரிண்டருக்கு பிரிண்டர் மாறும். க்ளாஸி என்று வைத்தால் பல பிரிண்டர்கள் கறுப்போடு மற்ற மூன்று நிறங்களையும் கலந்தே அடிக்கும். மஞ்சள் மை நீல ஒளியைத் தடுப்பதால் அது உதவிதான். ஆனால் நான்கு மையும் ஒரே இடத்தில் துல்லியமாக விழாவிட்டால் ஓரத்தில் நிறக்கசிவு தெரியும். மை அதிகமானால் கோடு ஊறிப் பெருக்கும். கிரேஸ்கேல் டிக் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று என்று ஒரே டிசைனைச் சின்னதாக இரண்டு முறை அடித்து வைத்துக்கொள்ளுங்கள். எது நல்லது என்று அடுத்து வரும் சோதனை சொல்லிவிடும்.

தெளிவான பிலிமைச் சில பிரிண்டர்கள் தாள் என்றே உணராது, பேப்பர் இல்லை என்று நின்றுவிடும். உள்ளே போகும் ஓரத்தில், பின்பக்கமாக ஒரு வெள்ளைத் தாள் பட்டையை மாஸ்கிங் டேப்பால் ஒட்டினால் போதும். டேப் மடங்காமல், தட்டையாக ஒட்டியிருக்க வேண்டும். பிலிமை ஓரத்தில் பிடியுங்கள். விரல் ரேகையின் எண்ணெய் பட்ட இடத்தில் மை பிடிக்காது.

வெளியே வந்ததும் மைப் பக்கம் மேலே இருக்க, ஃபேன் காற்று நேராகப் படாத, தூசி இல்லாத இடத்தில் காய விடுங்கள். பால் நிற பிலிமுக்கு 10, 15 நிமிடம். மழைக்காலத்தில் அவசரப்படாதீர்கள். பாதி காய்ந்த பிலிமை எமல்ஷன்மேல் அழுத்தினால் மை அங்கே ஒட்டிக்கொண்டு பிலிம், ஸ்க்ரீன் இரண்டும் கெடும்.

அலுமினியத் தாள் சோதனை

காய்ந்த பிலிமை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து ஊசித்துளைகள், பட்டைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இது தவறுகளைக் காட்டும், ஆனால் அடர்த்தியைக் காட்டாது. ஏனென்று மேலேயே சொன்னேன், எமல்ஷன் பார்க்கும் ஒளி வேறு. அதனால் எமல்ஷனிடமே கேட்டுவிடுவது நல்லது.

எமல்ஷன் பூசி இருட்டில் காயவைத்த ஒரு ஸ்க்ரீனை எடுங்கள். பிலிமில் 3 சென்டிமீட்டர் சதுரக் கறுப்புக் கட்டம் ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். அதே அளவில் சமையலறை அலுமினியத் தாளை வெட்டி, கட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அலுமினியம் வழியே ஒளி சிறிதும் போகாது, அதுதான் நமக்கு அளவுகோல். வழக்கமான நேரம் எக்ஸ்போஸ் செய்து, இரண்டையும் ஒன்றாகக் கழுவுங்கள்.

இரண்டு கட்டமும் ஒரே வேகத்தில், ஒரே தெளிவோடு திறந்தால் உங்கள் பிலிம் தேறிவிட்டது. அலுமினியத்தின் அடியில் இருந்தது சட்டென்று கரைந்து, பிலிமின் அடியில் இருந்தது மட்டும் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு நின்றால் கறுப்பு போதவில்லை. மை செட்டிங்கை மாற்றுங்கள், அல்லது ஒரே டிசைனை இரண்டு பிலிம் எடுத்து மிகச் சரியாக ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி ஒட்டுங்கள். இரண்டு கட்டமுமே திறக்க மறுத்தால் பிலிமில் குற்றமில்லை. எமல்ஷன் காயும்போது வெளிச்சம் பட்டிருக்கும், அல்லது சூட்டில் இறுகியிருக்கும். கட்டம் நன்றாகத் திறந்து, மெல்லிய எழுத்து மட்டும் அடைபட்டால் பிலிமும் எமல்ஷனும் ஒட்டி உட்காரவில்லை என்று பொருள். ஃப்ரேமுக்குள் ஸ்பாஞ்ச் வைத்து, அதன்மேல் பலகையும் கனமான பொருளும் ஏற்றுங்கள்.

கிரேஸ்கேல் போட்டது, போடாதது என்று எடுத்து வைத்த இரண்டு பிலிமையும் இதே ஸ்க்ரீனில் சேர்த்து வைத்தால் அந்தக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

வெயிலில் எக்ஸ்போஸ் செய்கிறவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். நம் ஊர் உச்சி வெயிலில் புற ஊதாக் கதிர் மிக அதிகம், சில வினாடிகள் கூடினாலும் நிலைமை மாறும், பலவீனமான கறுப்பு தாங்காது. வெயிலில் ஒரு நன்மையும் உண்டு. ஒளி ஒரே திசையிலிருந்து வருவதால், ஸ்க்ரீனைச் சூரியனை நேராகப் பார்க்கும்படி சாய்த்துப் பிடித்தால் ஓரங்கள் டியூப் லைட் பெட்டியைவிடக் கூர்மையாக வரும்.

கையில் லேசர் பிரிண்டர்தான் இருக்கிறதா?

நடத்திக்கொள்ளலாம். விசிட்டிங் கார்டு, பில் புக் அடிக்கும் சின்ன ஸ்க்ரீன் பிரிண்டிங் கடைகள் காலங்காலமாக ட்ரேசிங் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்தே பிழைத்திருக்கின்றன. 90 ஜிஎஸ்எம் ட்ரேசிங் ஷீட் எடுத்து, டோனர் டென்சிட்டியை முழுக்க ஏற்றி, டோனர் சேவ் வசதியை நிறுத்திவிட்டு அடியுங்கள். டோனரில் நுண்துளைகள் இருக்கும், அதனால் பெரிய கறுப்புப் பரப்புகளில் இரண்டு ஷீட்டைச் சேர்த்து ஒட்டுவது பாதுகாப்பு. எழுத்து மட்டும் உள்ள வேலைக்கு ஒன்றே போதும். ஜெராக்ஸ் கடையில் எடுப்பதானால் டிரம் தேய்ந்த மெஷினில் எடுக்காதீர்கள், கறுப்புக் கட்டத்தின் நடு வெளுத்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இங்க்ஜெட் பிலிமையோ, சாதாரண பைண்டிங் ஷீட்டையோ லேசர் பிரிண்டரில் விடக்கூடாது. உள்ளே ஃப்யூசர் உருளையின் சூட்டில் அது உருகிச் சுற்றிக்கொண்டால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டிவரும். லேசருக்கென்று குறிப்பிட்டு விற்கும் பாலியெஸ்டர் ஷீட் மட்டும்தான் போகலாம். அதுவும் சூட்டில் கொஞ்சம் சுருங்கும். ஒற்றை நிற வேலைக்கு அந்தச் சுருக்கம் தெரியாது.

இரண்டு நிறம் என்றால்

நிறத்துக்கு ஒரு பிலிம். டிசைனின் நான்கு மூலைக்கும் வெளியே, வட்டத்துக்குள் கூட்டல் குறி போட்ட ரிஜிஸ்டர் மார்க், எல்லா பிலிமிலும் ஒரே இடத்தில் வர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பிரிண்டரில், ஒரே திசையில் ஷீட்டை விட்டு, ஒரே அமர்வில் எடுங்கள். இன்று ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று எடுத்தால் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அளவு கொஞ்சம் மாறலாம். இரண்டு நிறம் தொடும் இடத்தில், வெளிர் நிறத்தை அடர் நிறத்துக்குள் அரை மில்லிமீட்டர் நுழையும்படி பெரிதாக்கிவிட்டால் நடுவில் துணியின் வெள்ளை எட்டிப்பார்க்காது. காய்ந்த பிலிம்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஜன்னலில் ஒட்டி, நான்கு மூலையும் பொருந்துகிறதா என்று பார்த்தபிறகே ஸ்க்ரீன் பூசப் போங்கள்.

திருத்தமும் சேமிப்பும்

ஊசித்துளைகளை அடைக்க சாதாரண பெர்மனென்ட் மார்க்கர் உதவாது. பெயிண்ட் மார்க்கரோ, நுண்ணிய தூரிகையில் தொட்ட கறுப்பு போஸ்டர் கலரோ நன்றாக மறைக்கும். மை உள்ள பக்கத்தில் தொடாமல் பின்பக்கத்தில் வையுங்கள், தப்பினால் துடைத்துக்கொள்ளலாம். வேண்டாத புள்ளி விழுந்திருந்தால் பிளேடு நுனியால் மைப் பக்கத்தில் சுரண்டி எடுக்கலாம்.

பயன்படுத்திய பிலிமைத் தூக்கிப் போடாதீர்கள். பட்டர் பேப்பர் இடையிட்டு, பிளாஸ்டிக் உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் போட்டுத் தட்டையாக வையுங்கள். பிரிக்காத பிலிம் பாக்கெட்டுக்கும் இதே கவனிப்புதான். உறையின்மேல் மெஷ் எண், எக்ஸ்போஸ் நேரம், பிரிண்டர் செட்டிங் மூன்றையும் எழுதி ஒட்டிவிடுங்கள். அதே வீட்டில் அடுத்த கல்யாணம் வரும்போது பெயரையும் தேதியையும் மட்டும் புதிதாக எடுத்து, பிள்ளையாரையும் ஓரக் கோலத்தையும் பழைய பிலிமிலிருந்தே வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.